பன்னிரண்டாம் நம்பர் எழுதிய திட்டம்

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, ஆட்டத்துக்கு முன் திட்டம் போடுவது பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சர்வீஸை எங்கே அடிப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். இருபத்து நான்கு வருடம் பெண்கள் வாலிபால் அணிகளைத் தயார் செய்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அந்த வருடங்களில் ஒரு தடவைதான் நான் போட்ட திட்டத்தைப் பார்த்து நானே பயந்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் டைரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவேன். இடது பக்கம் திட்டம், ஆட்டத்துக்கு முன் எழுதுவது. வலது பக்கம் நடந்தது, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுதுவது. நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. சர்வீஸ் போடும் பெண்ணின் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம். கையெழுத்து சாயக் கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது. இந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த மார்கழியில் மாவட்ட அளவில் பெண்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. கல்லூரி அணிகளும் கிளப் அணிகளும் கலந்து ஆடின. என்னுடையது கல்லூரி அணி. போட்டிக்கு முன் ஒரு நட்பு ஆட்டத்துக்காக லால்குடி போயிருந்தோம். எதிரே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கிளப் அணி. கொள்ளிடக் கரையில் மணலில் பயிற்சி எடுக்கிறவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வாலிபால் ஆடும் பெண்கள் எப்படிக் கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "என் பந்து", "விடு", "பின்னாடி பின்னாடி" என்று ஆட்டம் முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். இந்த அணி பேசவே இல்லை. ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு ஆடினார்கள். பாயிண்ட் எடுத்தாலும் கைதட்டல் கிடையாது. பந்து கையில் படும் சத்தமும் கால் தரையில் தேயும் சத்தமும் மட்டும் கேட்டன. அவர்களுடைய பயிற்சியாளர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். பெஞ்சில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். பகலில் ஏதோ மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார் என்று சொன்னார்கள்.

அவர்களுடைய இடது பின்மூலையில் நின்ற பெண் மெதுவாக நகர்கிறவள் என்று விசாரித்து வைத்திருந்தேன். சர்வீஸ் எல்லாம் அந்த மூலைக்கு என்பது என் திட்டம். எங்கள் பெண் பந்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே அவள் மூலைக்குள் போய் நின்றுகொண்டாள். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். நான் டைம்-அவுட் கேட்டு ஒரு மாற்றம் சொல்லி அனுப்பினேன். எங்கள் பெண்கள் திரும்பிப் போனபோது, அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி அவர்கள் ஏற்கெனவே இடம் மாறி நின்றார்கள்.

தோற்றோம். வலது பக்கத்தில் 'தற்செயல்' என்று எழுதினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெனிஃபர்தான் பேச்சை ஆரம்பித்தாள். அணியிலேயே உயரமானவள், அடிக்கிறவள், வாயாடி. "மேம், நான் கையை ஓங்குறேன், அந்தப் பொண்ணு ஏற்கெனவே அங்க நிக்குது. என் மனசுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டுப் போன மாதிரி இருக்கு. நாளைக்கே கோயில்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிக்கப் போறேன்."

"நீ சர்ச்சுக்குப் போறவடி" என்றாள் பக்கத்தில் இருந்த நித்யா.

"பரவாயில்ல, ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நித்யா கொஞ்சம் கூடுதலாகச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

நித்யா எங்கள் லிஃப்டர். அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். திட்டம் முழுவதும் அவள் கை வழியாகத்தான் போகும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு நான் திட்டத்தைச் சொல்லும் ஒரே ஆள் அவள்தான். அவள் வீடு ஸ்ரீரங்கத்தில் இருந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மாநில முகாமுக்கு ஆள் எடுக்க இரண்டு தேர்வாளர்கள் இறுதி ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. வயது வரம்புப்படி நித்யாவுக்கு அதுதான் கடைசி வருடம். முகாமுக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு வழி பிறக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியின் லீக் சுற்றில் மறுபடியும் அதே அணி வந்தது. இந்த முறை திட்டத்தை விடியற்காலை ஐந்து மணிக்குக் காட்டூரில் என் வீட்டில் எழுதினேன். முன்பு நீளமாகப் போட்ட சர்வீஸ் இப்போது குட்டை. முன்பு இடதுபக்க அடி, இப்போது வலது. ஆறு மணிக்கு மைதானத்தில் நித்யாவிடம் மட்டும் சொன்னேன். ஏழு மணிக்கு லைன்-அப் சீட்டை எழுதிக் கொடுத்தேன். யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று நம்பரைப் போட்டு நடுவரிடம் தரும் துண்டுச் சீட்டு அது. எதிரணிக்குக் காட்ட மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அந்த ஆறு பேரும் வலைக்குப் பக்கத்தில், சரியாக எங்கள் குட்டை சர்வீஸ் விழும் இடத்தில், கைகளைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பனி விலகவே இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் ஆறு சாம்பல் உருவங்கள் நாங்கள் செய்யப்போவதை எங்களுக்கு முன்பே செய்துகொண்டிருந்தன. என் உதவியாளர் விமலா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேம், எனக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கு. இது சரியில்ல."

வலது பக்கத்தில் இந்த முறை 'தற்செயல்' என்று எழுத முடியவில்லை. எதுவும் எழுதவில்லை. என் டைரியில் அப்படிக் காலியாக விட்ட முதல் பக்கம் அதுதான்.

இரண்டு நாள் கழித்து விமலா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "சொல்லலாமா வேணாமான்னு தெரியல மேம். நேத்து சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல நம்ம நித்யா அந்த டீம் பொண்ணுங்க ரெண்டு பேர்கூட நின்னு சிரிச்சுப் பேசிட்டிருந்தா. ஒரே பஸ்லதான் ஏறிப் போனாங்க."

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ஒரு தெருவில் வளர்ந்த பெண்கள் சிரித்துத்தான் பேசுவார்கள். இதையெல்லாம் நான் அப்போது நினைக்கவில்லை. எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்தேன். ஒழுங்காக எழுதிப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. கணக்கு பொருந்தினால் போதும், கேட்டுப் பார்க்க மாட்டோம்.

இறுதி ஆட்டம் ஸ்ரீரங்கத்தில். எதிரணி அவர்கள்தான். அன்று காலை டைரியில் ஒன்றும் எழுதவில்லை. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, மணி ஆறேகால், மனதுக்குள்ளேயே முடிவு செய்தேன். நித்யா வேண்டாம். சர்வீஸ் ஒன்று நீளம், ஒன்று குட்டை, மாற்றி மாற்றி. பெண்களிடம் மைதானத்துக்குள் இறங்குகிற நொடியில் சொல்லிக்கொள்ளலாம். விமலா கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

நித்யா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நீ உட்காரு."

நிமிர்ந்து பார்த்தாள். "முதல் செட்டா மேம்?"

"உட்காருன்னு சொன்னேன்."

"கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேம். எதுக்குன்னு..."

"கேள்வி வேணாம்."

அவள் கட்டிய லேஸை அவிழ்க்காமல் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே கேலரியில் அவள் அப்பா காக்கிச் சட்டையோடு எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர்கள் இருவரும் நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று சீட்டை எழுதிக் கொடுத்தேன். முதல் சர்வீஸ் எங்களுடையது. நடுவர் விசில் ஊதினார். எங்கள் பெண் பந்தைத் தூக்கிப் போடவில்லை, இன்னும் கையில்தான் வைத்திருக்கிறாள். அந்த ஆறு பேரும் சேர்ந்தாற்போல் ஓர் அடி பின்னால் போனார்கள்.

நீளமான சர்வீஸ். எடுத்தார்கள். அந்தப் பாயிண்ட் முட்டி மோதி எங்களுக்கு வந்தது. இரண்டாவது சர்வீஸுக்கு எங்கள் பெண் கோட்டுக்குப் போவதற்குள் அந்த ஆறு பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் கைக்கு சர்வீஸ் வந்தபோதெல்லாம் இதுவே நடந்தது. பின்னால், முன்னால், பின்னால். ஒரு சத்தமும் இல்லை. பனியில் கோபுரத்தின் மேல்பாதி தெரியவில்லை. இந்தத் திட்டம் காகிதத்தில் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அதை அறிந்த உயிர் நான் ஒருத்திதான். அப்படியானால் யார் சொன்னது? நடுவில் ஆளை மாற்றியிருக்கலாம், விதி இடம் தருகிறது. மாற்றவில்லை. பயந்துபோனவர்கள் கையில் இருப்பதையே இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

பதினொன்றுக்கு இருபத்தைந்து. முதல் செட் போயிற்று.

செட் முடிந்தால் இரண்டு அணிகளும் பக்கம் மாற வேண்டும், பெஞ்சும் மாறும். நான் அவர்கள் பெஞ்சுக்குப் போனேன். அந்தப் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நோட்டு திறந்து கிடந்தது. படித்திருக்கக் கூடாது. படித்தேன்.

நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடது பக்கம் திட்டம், வலது பக்கம் காலி. நம்பருக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம். சாயாத கையெழுத்து. ஒரு விநாடி அது என் டைரி என்றே நினைத்துவிட்டேன். எப்போது இதை எழுதினேன் என்று யோசித்தேன். மேலே முந்தின நாளின் தேதி இருந்தது. கீழே இப்படி இருந்தது:

'முதல் செட்: லிஃப்டரை உட்கார வைப்பார். காரணம் சொல்ல மாட்டார். திட்டத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

இரண்டாம் செட்: அதே ஆறு பேர். தவறு என்று தெரிந்தாலும் மாற்ற மாட்டார்.'

நான் பாலத்தின் மேல் முடிவு செய்ததை எனக்கு ஒரு நாள் முன்பாக ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேம். நோட்டை மறந்துட்டேன்." அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் எடுத்து மூடிக்கொண்டு போனார். மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆளாகத் தெரியவில்லை.

அடுத்த செட்டுக்குச் சீட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. கையில் பேனா. என் விரல்கள் தாமாகவே முதல் செட்டின் அதே நம்பர்களை எழுதத் தொடங்கியிருந்தன. மூன்றாவது நம்பரில்தான் கவனித்தேன். நான் உண்மையில் பயந்தது அப்போதுதான். அவர்களைப் பார்த்து இல்லை, என் கையைப் பார்த்து.

சீட்டைக் கிழித்துப் போட்டேன். நித்யாவிடம் போய் வெற்றுச் சீட்டை நீட்டினேன். "நீ எழுது."

அவள் கையை நீட்டவில்லை. "நான் எழுத மாட்டேன் மேம். தோத்தா, நான்தான் அவங்களுக்குச் சொல்லிட்டேன்னு சொல்லுவீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து தெரிந்தே லேஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஆமா, அப்படித்தான் நெனச்சேன்" என்றேன். "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் சொல்றேன், நித்யா எதுவும் சொல்லல. இப்ப நான் எழுதினா என்ன எழுதுவேன்னு அவங்களுக்குத் தெரியும். நீ எழுதினா தெரியாது."

நடுவர் கையைக் காட்டி அழைத்தார். நித்யா என்னைப் பார்த்தாள், அப்பா இருந்த பக்கம் பார்த்தாள், சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி முழங்காலில் வைத்து எழுதினாள். கோணல்மாணலான எழுத்து, ஒரு நம்பரை அடித்து வேறு போட்டிருந்தாள். நான் படிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பிளான் என்னடி?" என்று ஜெனிஃபர் கேட்பது காதில் விழுந்தது.

"பந்து வரட்டும், பாத்துக்கலாம். நீ கத்து. நல்லா கத்து."

கத்தினார்கள். காது கிழிந்தது. அந்த ஆறு பேரும் எங்கள் முதல் சர்வீஸுக்கு ஓர் அடி பின்னால் போனார்கள். பந்து முன்னால் விழுந்தது. அடுத்ததற்குத் தயங்கினார்கள். ஒரு பெண் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். நான் பார்த்த மூன்று ஆட்டத்தில் அவர்களில் ஒருத்தி பெஞ்சைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயிற்சியாளர் நோட்டை மூடினார். தலையை நிமிர்த்தினார். அதன்பின் அந்த செட் முழுக்க அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு, இரண்டாம் செட் எங்களுக்கு. மூன்றாவது, பதினைந்து பாயிண்ட் செட். அதில் பதின்மூன்று வரை போய்த் தோற்றோம். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

தேர்வாளர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். "உங்க லிஃப்டர் பிரமாதமா ஆடுறாங்களே, முதல் செட்ல ஏன் எறக்கல? காயமா?"

"இல்ல சார். என் தப்பு."

"அடடா. மெயின் லிஸ்ட்ல லிஃப்டர் இடத்துக்கு முதல் செட் முடிஞ்சதுமே அந்த டீம் பொண்ணு பேரை எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு. வேணும்னா மாற்று ஆட்டக்காரர்ல போடலாம்."

மாற்று ஆட்டக்காரர் என்று போட்டார்.

மைதானம் காலியான பிறகு அந்தப் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "என்னைத் தெரியுதா மேம்?"

தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

"நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல மூணு வருஷம் உங்க டீம்ல இருந்தேன். பன்னிரண்டாம் நம்பர். முதல் மேட்ச்ல லிஃப்டரா எறக்கினீங்க. அப்புறம் உட்காருன்னீங்க. மூணு வருஷமும் உங்க பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்க டைரி எழுதுறதைப் பார்க்கறதைத் தவிர எனக்கு வேற வேலை இல்ல."

"எப்படி எல்லாம் சரியா..." என்று இழுத்தேன்.

"முதல்ல மெதுவா நகர்றவ யாருன்னு விசாரிச்சு அந்த மூலைக்கே அடிப்பீங்க. அது தோத்தா அப்படியே தலைகீழாத் திருப்புவீங்க. அதுவும் தோத்தா ரெண்டையும் மாத்தி மாத்தி வைப்பீங்க. அதுக்கப்புறம் யார் மேலயாவது சந்தேகம் வந்துரும், அவங்களை உட்கார வைப்பீங்க. புதுசா ஒண்ணும் போட மாட்டீங்க மேம்." குரலில் கோபம் இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவது போலச் சொன்னார். "இன்னைக்கு அந்தப் பொண்ணு கையில சீட்டைக் கொடுத்தீங்க பாருங்க, அதை நான் எழுதி வைக்கல."

"உங்க பொண்ணுங்க ஏன் பேசறதே இல்ல?"

"பேசாம இருந்தா நெறைய தெரியும் மேம். உங்க பெஞ்சுல கத்துக்கிட்டது." போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறேன் என்று அவர் சொன்னது எனக்கு மட்டும் என்னவோ போல் கேட்டது.

காட்டூருக்கு வந்ததும் பழைய டைரிகளை எடுத்தேன். யார் எத்தனை சர்வீஸ் போட்டார்கள், அன்று வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் இருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை. முதல் ஆட்டத்தின் வலது பக்கத்தில் '12 – உட்கார வைத்தேன்' என்று ஒரு வரி இருக்கிறது. காரணம் எழுதவில்லை. பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், பக்கத்தின் அடியில், சாயாத கையெழுத்தில், '12 – தேவைப்படவில்லை.' எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பக்கம்.

நீங்கள் எதிரணியைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறீர்கள். பாதி உங்களைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருப்பதில்லை. உங்கள் பக்கத்தில், பெஞ்சில், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதுங்கள். உட்கார வைத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் கேளுங்கள். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

நித்யா முகாமுக்குப் போனாள். பத்தாம் நாள் காலையில் போன் செய்தாள்.

"எப்படி இருக்கே? எறக்கினாங்களா?"

"இன்னும் இல்ல மேம். இந்தக் கோச் எதுக்குன்னு சொல்லவே மாட்டேங்கிறாரு. பெஞ்சுலதான் இருக்கேன்."

"போர் அடிக்குதா?"

"இல்ல மேம்" என்றாள். "அவரு ஒரு நோட்டு வச்சிருக்காரு. எழுதுறதையே பாத்துட்டு இருக்கேன்."

நான் டைரியைத் திறந்தேன். அவள் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுதினேன். அதற்குப் பக்கத்தில், அவள் பெஞ்சில் இருப்பதற்கான காரணத்தையும் எழுதினேன். அது என் பெயர்.